பழைய நிரலும் புதிய பதிப்பும்



ஒரு மாணவி கணக்குப் பாடத்தில் காலாண்டுத் தேர்வில் 34 மதிப்பெண்ணும், அரையாண்டுத் தேர்வில் 35 மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறாள். இரண்டின் சராசரி என்ன? முப்பத்து நாலரை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் எங்கள் பள்ளிப் பட்டியலில் அரை மதிப்பெண் எழுதும் வழக்கம் இல்லை. முழு எண்ணாகத்தான் எழுத வேண்டும். தேர்ச்சிக்கு வேண்டியதோ 35. அரையை ஒன்றாக்கினால் அவள் தேறினாள். அரையை விட்டுவிட்டால் தவறினாள். எங்கள் பள்ளிக் கணிப்பொறியில் இருந்த பழைய நிரல் அவளுக்கு 35 என்று எழுதியது. அதே நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றி இயக்கியபோது அது 34 என்று எழுதியது. மதிப்பெண்களை எவரும் தொடவில்லை. சராசரியைக் கணக்கிடும் கட்டளை வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்த வரி எழுதப்பட்ட மொழிதான் மாறியிருந்தது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த ஆண்டுகள் கணக்கு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து, 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன். 2009ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர், விடுமுறை நாள்களில் தாமே முயன்று கற்று, மதிப்பெண் பட்டியல் தயாரிப்பதற்கென்று ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். ஏறக்குறைய இருநூறு வரிகள். அதற்கு முன்னரெல்லாம் தேர்வு முடிந்தால் ஆசிரியர்கள் மூன்று மாலைகள் உட்கார்ந்து கூட்டி, வகுத்து, சரிபார்த்து எழுதுவார்கள். நிரல் வந்தபின் அந்த வேலை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. நாங்கள் அதனைக் கொண்டாடினோம் என்றே சொல்ல வேண்டும். கொண்டாடப்படும் பொருளைச் சோதிக்கும் எண்ணம் எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

அந்த நிரல் பைத்தான் என்னும் மொழியில் எழுதப்பட்டது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைக்க வேண்டா. இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'மான்டி பைத்தான்' என்னும் நகைச்சுவைத் தொடரில் ஈடுபாடு கொண்டிருந்தவர் இம்மொழியைப் படைத்தவர். அதனால் வந்த பெயர் அது. அவர் கைடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து நாட்டவர். ஆம்ஸ்டர்டாம் நகரில் கணிதத்துக்கும் கணிப்பொறியியலுக்கும் என்று அமைந்த தேசிய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைப் பொழுதுபோக்காக இதனைத் தொடங்கினார். 1991இல் மொழி வெளிவந்தது. படிப்பதற்கு எளிதாக இருந்தமையால் மாணவரும் விஞ்ஞானிகளும் பெரிய நிறுவனங்களும் அதனைக் கைக்கொண்டனர். 2000ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தது. எங்கள் ஆசிரியர் கற்றது அந்த இரண்டாம் பதிப்பின் வழிவந்ததே.

ஒரு மொழி பெருவழக்குப் பெறும்போது அதன் தொடக்ககாலக் குறைகளும் வழக்காகிவிடுகின்றன. அவற்றைத் திருத்தலாம் என்றால், அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் நின்றுவிடும். திருத்தாமல் விட்டாலோ, புதிதாகக் கற்க வருபவர் ஒவ்வொருவரும் அதே பள்ளத்தில் கால் வைப்பர். வான் ரோசமும் அவருடைய தோழர்களும் நெடுங்காலம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தனர். 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்த பைத்தான் 3.0, பழைய நிரல்கள் தன்னில் ஓடா என்பதை அறிந்தே வெளியிடப்பட்டது. பிழைகளைக் களைவதற்காகப் பழைமையோடு கொண்ட உறவை ஒரு முறை அறுத்துக்கொள்வது என்று துணிந்தனர்.

இதனைக் கேட்டபோது எனக்கு 1978ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டில்தான் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியார் 1930களிலிருந்தே தம் ஏடுகளில் எழுதிக்காட்டிய முறை அது. ணா, றா, னா, லை, னை போன்ற பதின்மூன்று எழுத்துகள் பழைய சிறப்பு வடிவங்களை விட்டு, ஏனைய எழுத்துகளைப் போலவே துணைக்காலும் இணைக்கொம்பும் பெற்றன. நான் அப்போது ஆசிரியப் பயிற்சி மாணவன். கற்றது பழைய வடிவம். கற்பிக்க வேண்டியது புதிய வடிவம். கரும்பலகையில் என் கை தன்னை அறியாமல் யானைத் துதிக்கை போன்ற பழைய 'லை'யை எழுதிவிடும். பின் வரிசையில் சிரிப்பொலி கேட்கும். அழித்துவிட்டு மீண்டும் எழுதுவேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பழைய எழுத்தில் அச்சான நூலை இன்றும் நாம் எடுத்துப் படிக்கிறோம். முதல் பக்கத்தில் சிறிது தடுமாறுவோம். மூன்றாம் பக்கத்தில் பழகிவிடும். மனிதக் கண்ணுக்கு அந்தத் தாராளம் உண்டு. கணிப்பொறிக்கு இல்லை. அது ஒன்று மறுக்கும். அல்லது, மறுக்காமல் வேறு பொருள் கொண்டுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

பழைய பதிப்பினரை உடனே கைவிட்டுவிடவில்லை. 2010இல் பைத்தான் 2.7 என்று ஒரு பதிப்பு வந்தது. இரண்டாம் வரிசையில் அதுவே கடைசி. அதற்கு ஆதரவு 2015இல் முடியும் என்று முதலில் சொன்னார்கள். உலகம் மாறுவதற்கு அணியமாக இல்லை என்று கண்டு, 2014இல் அந்தக் கெடுவை 2020 வரை நீட்டித்தார்கள். 2020 ஜனவரி 1ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது, ஏப்ரலில் 2.7.18 என்னும் இறுதி வெளியீட்டோடு அந்த வரிசை ஓய்ந்தது. பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக இரு பதிப்புகளும் அருகருகே வாழ்ந்தன. டிராப்பாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் வான் ரோசமே 2013 முதல் 2019 வரை பணிபுரிந்தார். அந்நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறிச் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்றி முடித்தது 2018ஆம் ஆண்டில்தான். மொழியைப் படைத்தவர் இருந்த இடத்திலேயே அத்தனைக் காலம் ஆயிற்று என்றால், இருநூறு வரி நிரல் வைத்திருந்த நாங்கள் சோம்பியிருந்ததை நீங்கள் மன்னிக்கலாம். இரு பதிப்பிலும் ஓடுமாறு நிரல் எழுதுவதற்குத் துணைநூல் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் 'சிக்ஸ்', அதாவது ஆறு. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு! கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அந்தப் பெயர் வைத்தவரைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் பள்ளிக்கு அந்த நாள் 2022ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது. பழைய கணிப்பொறி தள்ளாடத் தொடங்கியிருந்தது. புதியது வந்து இறங்கியது. அதில் பைத்தான் மூன்றாம் பதிப்பு மட்டுமே இருந்தது. நிரலை எழுதிய ஆசிரியர் மாற்றலாகித் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்றிருந்தார். இப்போதைய தலைமையாசிரியை என்னிடம், "ஐயா, உங்கள் காலத்து நிரல் ஓட மறுக்கிறது" என்றார். "உங்கள் காலத்து" என்ற சொல் என்னைச் சிறிது குத்தியது. கல்லூரியில் பொறியியல் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். இருவருமாகச் சென்றோம். ஒன்று செய்தோம், அது பின்னர்ப் பெரிதும் உதவியது. பழைய பொறியை அகற்றவிடாமல் புதியதற்குப் பக்கத்திலேயே மேசையில் வைத்துக்கொண்டோம்.

முதல் தடை முதல் வரியிலேயே. பழைய பதிப்பில் 'பிரிண்ட்' என்பது ஒரு தனிக் கட்டளை. அதன்பின் அச்சிட வேண்டியதை எழுதினால் போதும். புதிய பதிப்பில் அது ஏனைய செயற்கூறுகளைப் போல் ஆகிவிட்டது. அச்சிட வேண்டியதை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். இதனைக் கையால் திருத்தத் தேவையில்லை. 'டூ டு திரீ' என்று ஒரு கருவி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றித் தருவது, மொழியோடு சேர்ந்தே வந்தது. (2024இல் வெளிவந்த 3.13ஆம் பதிப்பில் அந்தக் கருவியையும் நீக்கிவிட்டார்கள். கடமை முடிந்தது என்பது கருத்துப் போலும்.) அது ஒரு நொடியில் நிரல் முழுவதையும் மாற்றித் தந்தது. பேத்தி மகிழ்ந்தாள். "முடிந்தது தாத்தா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகலாம் அம்மா" என்றேன்.

பட்டியலில் பக்கத்துக்கு இருபது மாணவர். எந்த மாணவர் எந்தப் பக்கம் என்பதை அறிய, வரிசை எண்ணை 20ஆல் வகுத்து, ஈவோடு ஒன்று கூட்டுவது நிரலின் முறை. வரிசையைச் சுழியிலிருந்து எண்ணுவது கணிப்பொறியின் வழக்கம். 23ஆம் இடத்தில் இருப்பவருக்கு ஈவு 1. ஆகவே பக்கம் 2. பழைய பைத்தான் இரண்டு முழு எண்களை வகுத்தால் ஈவை மட்டும் தந்து, மீதியை விட்டுவிடும். புதிய பைத்தான் நாம் பள்ளியில் வகுப்பது போலத் தசமத்தோடு தரும். அச்சிட்ட தாளின் தலையில் 'பக்கம் 2.15' என்று இருந்தது! எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஈவு மட்டும் வேண்டுமானால் இரண்டு சாய்கோடுகள் இட வேண்டும் என்பது புதிய முறை. அந்த இரட்டைச் சாய்கோடு 2001இல் வந்த 2.2ஆம் பதிப்பிலேயே இருந்தது என்றும், பழைய பதிப்பில் எழுதுகிறவர்கள் 'எதிர்காலத்திலிருந்து வகுத்தலைக் கொணர்க' என்று முதல் வரியில் எழுதினால் புதிய வகுத்தலை முன்கூட்டியே பெறலாம் என்றும் பேத்தி சொன்னாள். எதிர்காலத்திலிருந்து கடன் வாங்கும் வசதியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். அந்தக் கருவி வகுத்தலை ஏன் மாற்றவில்லை? ஏனெனில், ஓரிடத்தில் வகுத்தல் ஈவுக்காகவா, சராசரிக்காகவா என்பது வரியைப் பார்த்து அறியக் கூடியது அன்று. எழுதியவர் மனத்தில் இருந்தது அது.

அடுத்தது பெயர்கள். முத்துலட்சுமி என்று ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். பழைய பட்டியலில் அவள் பெயர் 'முத்து' என்றும், அதன்பின் பொருளற்ற ஒரு கட்டமாகவும் அச்சாகும். ஆண்டுதோறும் நாங்கள் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தோம். அச்சுப் பொறியின் கோளாறு என்றே நினைத்திருந்தோம். கோளாறு அச்சுப் பொறியில் இல்லை. யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் வழக்கமாக மூன்று பைட் இடத்தில் சேமிக்கப்படுகிறது. பழைய பைத்தானுக்குச் சொல் என்பது பைட்களின் வரிசை. பெயரை இருபதோடு வெட்டு என்று நிரல் சொன்னது; அது இருபது பைட்டில் வெட்டியது. ஆறு குறிகளுக்குப் பதினெட்டு. ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி. 'முத்து' முடிந்தது. மிஞ்சிய இரண்டு பைட், 'ல' என்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அதுதான் அந்தக் கட்டம்!

புதிய பைத்தானில் சொல் என்பது குறிகளின் வரிசை. முத்துலட்சுமிக்குப் பதின்மூன்று குறிகள், இருபதுக்குள் அடங்கிவிட்டன. பெயர் முழுமையாக வந்தது. பைத்தான் மூன்றாம் பதிப்பு தோன்றியதற்குப் பெரிய காரணங்களுள் ஒன்று இதுவே. பைத்தான் வெளிவந்த அதே 1991ஆம் ஆண்டில்தான் யூனிகோடின் முதற்பதிப்பும் தமிழ் எழுத்துகளைத் தாங்கி வெளிவந்தது. ஒன்றையொன்று அறியாமல் பிறந்தவை. இரண்டாம் பதிப்பில் யூனிகோடுக்கென்று தனி வகை ஒன்றை ஒட்டவைத்தார்கள். மூன்றாம் பதிப்பில்தான் அது அடித்தளமாயிற்று. ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்க்கு இந்த மாற்றம் ஒரு தொல்லையாகவே தோன்றியிருக்கும். அவர்களுடைய எழுத்து ஒரு பைட், வெட்டினாலும் குறைபடாது. நம் போன்றோர்க்கு அஃது ஒரு நீதி.

ஆனாலும் முழு நீதி என்று சொல்ல மாட்டேன். 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை எழுத்து? மூன்று. அ, ம், மா. பழைய பைத்தானைக் கேட்டால் பதினைந்து என்னும். புதியதைக் கேட்டால் ஐந்து என்னும். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று அது எண்ணுகிறது. மூன்று என்று சொல்ல வைப்பதற்கு 'ஓபன்-தமிழ்' போன்ற தனித் துணைநூல் வேண்டும். முதல் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்ததை அது இன்னும் கற்கவில்லை.

இதுவரை கண்டவை கண்ணில் படும் பிழைகள். இனி வருவது வேறு வகை.

பழைய பொறியில் ஒரு வகுப்பின் பட்டியலை எடுத்தோம். அதே மதிப்பெண்களைப் புதிய பொறியிலும் இட்டு எடுத்தோம். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டும் ஒரு சிறு கருவியில் செலுத்தினோம். பக்கமும் பெயரும் சரியாகிவிட்டபடியால் வேறுபாடே இராது என்று எதிர்பார்த்தோம். நான்கு வரிகள் மாறுபட்டு நின்றன. அவற்றுள் ஒன்று, நான் தொடக்கத்தில் சொன்ன மாணவி. 34.5 என்பதைப் பழையது 35 ஆக்கியது. புதியது 34 ஆக்கியது. வேறொரு மாணவனுக்கு 61.5 என்பதை இரண்டுமே 62 ஆக்கின. எனக்குத் தலை சுற்றியது. ஒருவருக்கு அரையை ஏற்றுகிறது, இன்னொருவருக்கு இறக்குகிறது. இதென்ன பாரபட்சம்?

பாரபட்சம் அன்று, அதுவும் ஒரு முறைதான். 'ரவுண்டு' என்னும் செயற்கூறு, சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பழைய பதிப்பில் சுழியிலிருந்து விலகும் பக்கமாக, நம் மதிப்பெண்களைப் பொறுத்தவரை எப்போதும் மேல்நோக்கி, தள்ளியது. புதிய பதிப்பில் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுகிறது. 34, 35 இவற்றில் இரட்டைப்படை 34. 61, 62 இவற்றில் இரட்டைப்படை 62. ஏன் இப்படி? அரை, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்னும் நான்கையும் கூட்டிப் பாருங்கள், எட்டு வரும். எப்போதும் மேலே தள்ளினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கூட்டினால் பத்து. இரட்டைப்படைக்குத் தள்ளினால் சுழி, இரண்டு, இரண்டு, நான்கு, கூட்டினால் எட்டு. பல்லாயிரம் அளவைகளைக் கூட்டும் விஞ்ஞானிக்கு இம்முறையே நேர்மையானது. பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகாது. கணக்கு ஆசிரியன் என்ற முறையில் நான் அதனைப் பாராட்டுகிறேன்.

தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஏற்க முடியவில்லை. பாதி வந்தால் மேலே போடுவது என்பது எங்கள் பள்ளியின் நெடுநாளைய வழக்கம். பெற்றோர்க்கும் தெரிந்த வழக்கம். முப்பத்து நாலரை வாங்கியவள் தவறினாள், முப்பத்தைந்தரை வாங்கியவனுக்கு 36 என்றால், எந்தத் தந்தைக்கு நான் இதனை விளக்குவேன்? விஞ்ஞானி சேர்த்துப் பார்ப்பது ஆயிரம் எண்களை. நாம் பார்ப்பது ஒரு குழந்தையை. அந்தச் செயற்கூற்றையே நீக்கிவிட்டோம். இரண்டு தேர்வுகளின் மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டி, இரண்டால் வகுத்து, ஈவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். 69 எழுபதாகும், பாதி 35. மொத்தம் 70 ஆக இருந்தால் 71 ஆகும். ஈவு அதே 35. தசமமே வேண்டியதில்லை, எந்தப் பதிப்பு வந்தாலும் மாறாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதனை நான்தான் சொன்னேன் என்பதைப் பேத்தி தன் தோழியரிடம் இன்றும் சொல்கிறாள்.

நான்கு வரிகளும் சரியாயின. மன நிறைவோடு ஏனைய ஆண்டுகளின் மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாக இட்டோம். இரண்டாவது ஆண்டிலேயே புதிய நிரல் இடையில் நின்றுவிட்டது. சொல்லையும் முழு எண்ணையும் 'பெரிதா, சமமா' என்று ஒப்பிட இயலாது என்பது அதன் முறையீடு.

தேர்வுக்கு வராத மாணவர்க்கு மதிப்பெண் இடத்தில் 'ஏபி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை இடுவது வழக்கம். இரு தேர்வுகளில் ஒன்றுக்கு வராவிட்டாலும் சராசரி இடத்தில் 'ஏபி' என்றே நிரல் எழுதும், அது சரி. அதன்பின் தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது, ஒவ்வொருவருடைய சராசரியும் 35க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்கும். 'ஏபி' 35க்குக் குறையாததா? புதிய பைத்தான், இது கேள்வியே அன்று என்று நின்றுவிட்டது.

"வராதவருக்குச் சுழி என்று வைத்துவிட்டால் ஓடிவிடும் தாத்தா" என்றாள் பேத்தி.

ஓடிவிடும்தான். ஆனால் என் மனம் பக்கத்துப் பொறியின் மேல் சென்றது. இத்தனை ஆண்டும் அது நிற்கவில்லையே. இந்தக் கேள்விக்கு அஃது என்ன விடை சொல்லிக்கொண்டிருந்தது? "பழையதில் கேட்டுப் பார் அம்மா" என்றேன். அவள் ஒரே வரி தட்டினாள். 'ஏபி' 35க்குக் குறையாததா? பழைய பைத்தான் சற்றும் தயங்காமல் 'ஆம்' என்றது. அந்தப் பதிப்பில் எந்த எண்ணும் எந்தச் சொல்லைவிடவும் சிறியது. எதனை எதனோடு ஒப்பிட்டாலும் ஏதோ ஒரு விடை வந்தாக வேண்டும் என்று அமைத்த ஏற்பாடு அது.

அஃதாவது, தேர்வுக்கு வராத பிள்ளைகள் எல்லாரும் எங்கள் நிரலின் கணக்கில் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

ஓராண்டு ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தாறு பேர் தேறினர், நூற்றுக்குத் தொண்ணூறு என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நான் படித்தேன், கைதட்டினார்கள். அந்த முப்பத்தாறில் நால்வர் ஏதேனும் ஒரு தேர்வுக்கு வராதவர்கள். உண்மையான கணக்கு நூற்றுக்கு எண்பது. பெருமை குறைந்ததைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்றால் அது பொய், கவலைப்பட்டேன். ஆனால் அதைவிட வேறொன்று சுட்டது. 35க்குக் கீழ் இருப்பவர்களின் பெயர்களை நிரல் தனியே அச்சிடும். அந்தப் பட்டியலைக் கொண்டுதான் மாலைச் சிறப்பு வகுப்பு வைத்தோம். பெற்றோர்க்குக் கடிதமும் அதனை ஒட்டியே சென்றது. வராதவர்கள் அந்தப் பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை. வகுப்பாசிரியருக்கு அவர்கள் வராதது தெரியாமலிருக்க முடியாது. ஆயினும் அலுவலகம் கேட்பது பட்டியலை. பட்டியலில் இல்லாத பிள்ளையைப் பற்றி அலுவலகம் கேட்பதில்லை.

நிரலை எழுதிய ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். குறை கூறுவதற்காக அன்று. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "ஐயா, எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் பொறி ஏதாவது தகராறு செய்யும், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது தகராறே செய்யவில்லை. நானும் மறந்துவிட்டேன்" என்றார். அவர் நினைத்தது நியாயந்தான். அவர் எதிர்பார்த்த தகராற்றைப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மூன்றாம் பதிப்பு செய்தது. அவரைவிட என் பொறுப்பே பெரிது. அந்தப் பட்டியல்களில் கையெழுத்து என்னுடையது.

பேத்தி சொன்னபடி சுழி என்று வைக்கவில்லை. வராதது வேறு, சுழி வாங்குவது வேறு. வராதவர்களை முதலில் பிரித்து ஒரு தனிப் பட்டியலாக்கி, மற்றவர்களை மட்டும் 35ஓடு ஒப்பிடுமாறு மாற்றினோம். நிரல் எல்லா ஆண்டுகளுக்கும் தடையின்றி ஓடியது. இம்முறை பழைய தாளும் புதிய தாளும் ஒத்திருக்கவில்லை. ஒவ்வாத இடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்தோம். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. கருவி நிரலை மாற்றியதற்கு ஆனது ஒரு நொடி.

திருத்திய பட்டியல்களோடு, தவறு நேர்ந்த விதத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு, "அந்த நால்வர் யார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா ஐயா?" என்று கேட்டார். மூவர் முகம் நினைவுக்கு வந்தது. நான்காமவன் பெயரைப் பழைய வருகைப் பதிவேட்டில் இருவருமாகத் தேடினோம். ஜனவரி மாதத்துக்குப்பின் அவன் பெயருக்கு எதிரே வருகைக் குறி ஒன்றும் இல்லை.

இப்போது அந்த நிரல் முதல் தாளாக அச்சிடுவது மதிப்பெண்களை அன்று. தேர்வுக்கு வராதவர்களின் பெயர்களை. பெயர்கள் முழுமையாக, வெட்டுப்படாமல் வருகின்றன. அந்தத் தாளோடு வகுப்பாசிரியர் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் செல்கிறார்.